கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்

இங்கிலாந்து நாட்டின் தென்மேற்குக் கரையில் டார்க்கி என்றோர் ஊர் உண்டு. 1846ஆம் ஆண்டில் ஆனா தின் என்னும் பெண்மணி அவ்வூருக்குச் சென்றிருந்தார். அவருடைய கணவர் லண்டன் மாநகரில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தைச் சேர்ந்த குரு. டார்க்கியின் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கற்பவளங்களைக் கண்டு அம்மையார் உள்ளம் பறிகொடுத்தார். கல்போன்ற கூட்டைத் தானே கட்டிக்கொண்டு அதனுள் வாழும் சிற்றுயிரே கற்பவளம். அவற்றுள் சிலவற்றைக் கடல்நீரோடு ஒரு ஜாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனோ கடற்கரை ஊர் அன்று. புதிய கடல்நீரை ஓயாது தருவிப்பது எளிதன்று. ஆகவே அவர் ஓர் உபாயம் கண்டார். பழைய நீரையே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு, திறந்த சன்னலின் அருகே, நாள்தோறும் அரைமணி முதல் முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். வீட்டுப் பணிப்பெண்ணும் இவ்வேலையில் துணை நின்றாள். நம் வீடுகளில் காப்பி ஆற்றுகிறோமே, அதே வேலைதான்! காப்பியை ஆற்றுவது சூடு தணிய. அவர் நீரை ஆற்றியது அதில் காற்று கலக்க. பின்னர்க் கடற்பாசிகளையும் அந்நீரில் வளரவிட்டார். பவளங்கள் உயிரோடிருந்தன; பல்கவும் செய்தன.

மாணவ நேயர்களே, கடலிலிருந்து நெடுந்தொலைவில், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில், கடல் உயிர்களை நீண்ட நாள் பேணிய முதற்சிலருள் இவர் ஒருவர். மின்சாரம் இல்லை, பம்பு இல்லை, செயற்கை உப்பும் இல்லை. அவர் முயற்சி முழுவதும் நீரைப் பற்றியதாகவே இருந்தது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். 'அக்வேரியம்' என்ற சொல்லை இன்றைய பொருளில் வழக்கிற்குக் கொண்டுவந்த கோஸ் என்னும் இயற்கையறிஞரின் நூல் வெளிவந்தது 1854இல். நம் சென்னைக் கடற்கரையில் கடல்மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது 1909இல். அது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது.

இன்றோ, கல்லூரி மாணவர் ஒருவர் தம் அறையின் மூலையில் 50 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, கடல்நீர் நிரப்பி, மணல் பரப்பி, இரண்டு கோமாளி மீன்களை விட்டுப் பார்த்து மகிழக்கூடும். சில மாதங்கள் சென்றதும் அவர் மனத்தில் ஒரு நிறைவின்மை எழும். நிழற்படங்களில் காணும் தொட்டிகளெல்லாம் பூங்காவைப் போல் விளங்க, தம் தொட்டி மட்டும் பழுப்புப் பாசி படர்ந்து வெறிச்சென்று இருப்பானேன்? இதனை மேம்படுத்த வேண்டும். ஆனால் கையிலுள்ள பொருள் சிறிது. கடைக்குச் சென்று கேட்டால் விளக்கை மாற்று என்பர், நுரை பிரிக்கும் கருவி வாங்கு என்பர், இன்னும் நான்கு மீன் விடு என்பர். இருக்கின்ற சிறு தொகையை எதில் முதலில் செலவிடுவது? இன்றைய பேச்சு இந்த ஒரு வினாவிற்கே விடை. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: முதற் செலவு நீருக்கு, அடுத்த செலவு நீரின் அளவைப் பெருக்க, உயிர்களுக்குச் செலவிடுவது எல்லாவற்றிற்கும் கடைசியில்.

அதற்குமுன், பவளத்தைப் பற்றி ஒரு சொல். கடல்தொட்டி வைத்திருப்போர் ஏறக்குறைய அனைவருடைய ஆசையும் பவளத்தின் மேல்தான். நம் நாட்டில் அவ்வாசைக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001ஆம் ஆண்டு, கற்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இடம்பெற்ற அட்டவணை அது. உயிர் நீங்கிய பவளக்கல்லும் அச்சட்டத்தின் பிடிக்கு உட்பட்டதே. இக்கட்டுப்பாடு காரணமின்றி வந்ததன்று. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், 21 சிறு தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. பல பத்தாண்டுகள் அவை சுண்ணாம்புக்காகப் படகு படகாக வெட்டியெடுக்கப்பட்டன. அலையைத் தடுக்கும் அரண் போயிற்று, கரை அரித்தது, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. எஞ்சிய பவளமும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்துத் துன்புற்றது. ஆகவே, எவரேனும் மறைவாகக் கொண்டுவந்து பவளத்துண்டு விலைபேசினால், அதை வாங்குவது தொட்டியை மேம்படுத்துவதாகாது. பாறையும், அதன்மேற் படரும் சுண்ணாம்புப் பாசியும், சிறு புழுக்களும், இறாலும், மீனுமாகப் பவளமின்றியே ஒரு கடற்பாறைத் தொட்டியை அமைக்க இயலும். அதைத்தான் இங்கு விவரிக்கப்போகிறேன்.

கடலின் இயல்பு யாது? மாறாமை. கடற்பாறைகளிடையே வாழும் உயிர், தலைமுறை தலைமுறையாக, உப்பின் அளவு மிகச் சிறிதே மாறும் நீரில் வாழ்ந்து பழகியது. தொட்டியின் இயல்போ இதற்கு நேர்மாறு. கணக்கிட்டுப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 50 லிட்டர்த் தொட்டியில் 1,750 கிராம். நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரு வாரம் கவனியாது விட்டால் 43 லிட்டர் நீரில் அதே 1,750 கிராம் உப்பு இருக்கும். அதாவது லிட்டருக்கு 40 கிராமுக்கும் மேல். குறைந்த நீரை ஈடுசெய்யக் கடல்நீரையே ஊற்றுவோர் உளர். அவர்கள் உப்பின்மேல் உப்பைச் சேர்க்கிறார்கள். ஆவியான நீருக்கு ஈடு, தூய நன்னீர்தான்.

இதற்கு விலையுயர்ந்த தானியங்கிக் கருவிகள் உள்ளன. ஆனால் கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்கு நீர் வைக்கும் குடுவையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீர் நிறைந்த குடுவை கவிழ்ந்து நிற்கும். கீழேயுள்ள தட்டில் நீர் குறைந்து குடுவையின் வாய் வெளிப்பட்டதும், ஒரு குமிழி காற்று உள்ளே புகும். அதற்கு ஈடான நீர் வெளியே இறங்கும். வாய் மூழ்கியதும் நின்றுவிடும். அதே தத்துவத்தில், நன்னீர் நிறைந்த இரண்டு லிட்டர் புட்டி ஒன்றை, அதன் வாய் நீர்மட்டத்தைத் தொடும்படி தொட்டியின் ஓரத்தில் கவிழ்த்துப் பொருத்துங்கள். பகலிலும் இரவிலும் நீங்கள் இல்லாதபோதும் நீர்மட்டம் மாறாது. உப்பின் அளவும் மாறாது. பழைய புட்டியும் ஒரு பிடிப்புக் கம்பியும் தவிரச் செலவு ஒன்றுமில்லை. பணம் கொடுத்து வாங்கும் எந்தக் கருவியையும்விட இதனைத்தான் முதலிற் சொல்வேன்.

அளவிடாமல் எதையும் திருத்த முடியாது. ஆகவே, வாங்கும் முதற்பொருள் உப்பை அளக்கும் கருவியாக இருக்கட்டும். மிதக்கும் ஹைட்ரோமீட்டர் மலிவானது. ஒளிவிலகலைக்கொண்டு அளக்கும் கருவி சற்றே விலை கூடியது; ஆயினும் நம்பத்தக்கது. நீரின் ஒப்படர்த்தி 1.025க்கும் 1.026க்கும் இடையே நிற்க வேண்டும். அடுத்து, அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் காட்டும் சோதனைத் திரவங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நிறம் மாறுவதைப் பார்த்து மகிழ்ந்த மாணவருக்கு இது சுமையாக இராது.

நன்னீர் என்றேன், எந்த நன்னீர்? கிணற்று நீரிலும் ஆழ்துளை நீரிலும் கரைந்துள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பழுப்புப் பாசிக்கு உரமாகும். குழாய்நீரின் குளோரின் மீனுக்கு நஞ்சு. குழாயிலிருந்து கரையும் செம்போ, மிகச் சிறிதளவாயினும், இறாலுக்கும் நத்தைக்கும் கொடிய நஞ்சு. இன்று பல வீடுகளில் ஆர்.ஓ. எனப்படும் நீர்தூய்மிப்பான் உள்ளது. அதன் நீர் பெரும்பாலும் ஏற்றது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: குடிநீருக்குச் சுவை வேண்டும் என்பதற்காகத் தூய்மித்த நீரோடு சிறிது பழைய நீரையோ தாதுக்களையோ கலந்து தரும் அமைப்பு அவற்றுட் பலவற்றில் இருக்கிறது. அக்கலப்புக்கு முன்னுள்ள குழாயிலிருந்து நீர் பிடித்தால் நலம். பழுதுபார்ப்பவரிடம் சொன்னால் ஒரு சிறு பிரிகுழாய் வைத்துத் தருவார். கரைந்த பொருளை அளக்கும் பேனாபோன்ற சிறு கருவி மலிவாகவே கிடைக்கும். அதில் எண் பத்துக்குள் நின்றால் போதும்.

உப்புக்குச் சமையலறைக்குப் போகாதீர்கள். கடல்நீரில் கரைந்துள்ளவற்றில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து நூற்றுக்கு 85 பங்கு என்பது மெய். ஆனால் எஞ்சிய பங்கில்தான் மக்னீசியமும் கால்சியமும் ஏனையவும் இருக்கின்றன. அவை இன்றிப் பாறையில் சுண்ணாம்புப் பாசி படராது, நத்தை ஓடு கட்டாது. கடற்கரையில் வாழ்வோர் கடல்நீரையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பர். எடுக்கலாம், செலவும் மிச்சம். ஆனால் கூவமும் அடையாறும் கலக்கும் இடங்களுக்கு அருகில் எடுப்பதைவிட எடுக்காமலிருப்பது மேல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகளின் வெள்ளத்தால் கரையோர நீரின் உப்பு குறைந்துவிடும். கரையிலிருந்து விலகிச் செல்லும் மீனவர் எவரிடமேனும் சொல்லி, தெளிந்த நாளில் தூய கலங்களில் கொணரச் செய்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி இருளில் இரண்டு வாரம் வைத்திருந்து, உப்பை அளந்து பயன்படுத்துங்கள்.

இனி, கண்ணுக்குத் தெரியாத வேலையாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலின், அதே அளவு அம்மோனியா ஆற்றுநீரைவிடக் கடல்நீரில் பல மடங்கு கொடியதாகிறது. பாறையின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியா வகை ஒன்று அதனை நைட்ரைட்டாகவும், மற்றொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர் 1890ஆம் ஆண்டையொட்டி மண்ணில் கண்டறிந்த செயலே இது. புதிய தொட்டியில் இவ்வுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இதனைப் பணத்தால் விரைவுபடுத்துவது அரிது. நைட்ரேட்டு அவ்வளவு நஞ்சன்று. ஆனால் சேர்ந்துகொண்டே போகும். அதனைக் கழிக்க எளிய வழி, வாரந்தோறும் சிறிது நீரை மாற்றுவதே. கணிதம் பயில்வோர்க்கு ஒரு சிறு கணக்கு: வாரத்தில் நைட்ரேட்டு 2 அலகு கூடுகிறது, பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறீர்கள் என்றால், அது முடிவின்றி ஏறாது, மாற்றுவதற்கு முன் 20 அலகு என்ற நிலையில் போய் நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் 10 அலகில் நிற்கும். இரையைப் பாதியாக்கினால் அந்த 10உம் 5 ஆகும். 50 லிட்டர்த் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கென்பது ஒரு வாளி. நுரை பிரிக்கும் கருவியைச் சிறு தொட்டிக்கு வாங்க வேண்டுமென்று நான் சொல்லாததற்குக் காரணம் இந்த வாளிதான்.

அடுத்த பகை வெப்பம். கடற்பாறை உயிர்களுக்கு 25 முதல் 27 டிகிரி வரை உகந்தது. சித்திரை வைகாசியில் நம் அறைகளில் தொட்டிநீர் 32ஐயும் தாண்டும். பவளம் வெளுத்த கதையை முன்பு சொன்னேன்; வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அந்நிலை சில வாரம் நீடித்தாலே பவளம் தன் உடலில் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளுத்துவிடுகிறது. பரந்த கடலிலேயே அப்படியென்றால், மூலைத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? குளிர்விக்கும் இயந்திரம் தொட்டியைவிடப் பன்மடங்கு விலை. நம் முன்னோர் மண்பானையில் கண்ட வழி இங்கும் உதவும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அது 50 லிட்டர் நீரை 11 டிகிரிக்குமேல் குளிர்விக்கப் போதுமான அளவு. அறைக்காற்றிலிருந்து வெப்பம் மீண்டும் வந்துகொண்டே இருப்பதால் அவ்வளவு இறங்காது. ஆனால் பழைய கணிப்பொறியிலிருந்து கழற்றிய சிறு விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின்மேல் வீசச் செய்தால் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறையும். புழுக்கம் மிகுந்த நாளில் பயன் சற்றுக் குறையும். விசிறி சுழல நீர் விரைந்து ஆவியாகும்; ஆகவே கவிழ்த்த புட்டியின் தேவை இன்னும் கூடுகிறது. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி வெளியே விழாதபடி வலையொன்றால் மூடுங்கள்.

மின்தடையைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் தொட்டியைப் பற்றிப் பேச முடியாது. வெப்பமும் உப்பும் கூடக்கூட, நீரில் கரையும் பிராணவாயு குறையும். 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். கடல்நீரோ 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். பம்பு நின்றதும், மீனும் இறாலும் மட்டுமன்றிப் பாறையிலுள்ள கோடானுகோடி பாக்டீரியாக்களும் அந்தச் சிறு இருப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. புயல் வீசிய இரவில் பல மணிநேரம் மின்சாரம் இன்றிப் போனால், விடியற்காலையில் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்கும் மீன்களைக் காண நேரும். பேட்டரியால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள். விளக்கை மாற்றுவதற்கு எண்ணியிருந்த பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். அதுவும் இல்லையாயின், ஆனா தின் அம்மையாரின் வழி இருக்கவே இருக்கிறது: குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

இவ்வளவும் செய்து ஆறு மாதம் தொட்டி நிலைபெற்றிருந்தால், பெரிய தொட்டிக்கு மாறுவதைப் பற்றி நினைக்கலாம். பலர் பழைய தொட்டியை விற்று, அந்தச் சொற்பத் தொகையைப் புதியதில் சேர்க்க முயல்வர். அதைச் செய்யாதீர்கள். பழைய 50 லிட்டர்த் தொட்டியைப் புதியதன் அடியில் கீழ்த்தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். 75 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம் என்ற அளவில் ஒரு தொட்டியை உள்ளூர்க் கண்ணாடிக் கடையிலேயே செய்து தருவார்கள். அது 120 லிட்டர் கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே பின்புறக் கண்ணாடியின் மேற்பகுதியில் வழிந்தோடும் துளையொன்றை இட்டுத் தரும்படி கேளுங்கள். கடினப்படுத்திய கண்ணாடியில் துளையிட முடியாது, சிதறிவிடும். மேலிருந்து வழியும் நீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து ஒரு பம்பு அதனை மேலே ஏற்றும். விசிறி, வெப்பமானி, கவிழ்த்த புட்டி, வடிகட்டும் பஞ்சு எல்லாம் கீழே மறைந்துவிடும். மேற்றொட்டியில் பாறையும் மீனும் மட்டுமே தெரியும். இரண்டிலும் சேர்ந்து 150 லிட்டர் நீர் சுழல்வதால் நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியானாலும் உப்பின் மாற்றம் பழைய தொட்டியைவிடக் குறைவே.

இவ்வமைப்பில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. மின்சாரம் நின்றதும், நீரேற்றும் குழாயின் வாய் மேற்றொட்டி நீருக்குள் மூழ்கியிருந்தால், அக்குழாயே தலைகீழாக இயங்கி மேலுள்ள நீரைக் கீழே இழுக்கும். தடுக்கும் வழி: நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அக்குழாயில் ஒரு சிறு துளை. மட்டம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். அதற்குள் மட்டம் மூன்று சென்டிமீட்டர் இறங்கினால், 75ஐயும் 40ஐயும் 3ஐயும் பெருக்கிப் பாருங்கள். 9,000 கன சென்டிமீட்டர், அதாவது 9 லிட்டர் நீர் கீழே வந்து சேரும். ஆகவே கீழ்த்தொட்டியில் எப்போதும் 9 லிட்டருக்கு மேற்பட்ட இடம் காலியாக இருக்க வேண்டும். உயிர்களை விடுமுன் பம்பை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். மேல்மாடியில் வைப்போர், நீரும் பாறையும் கண்ணாடியும் சேர்ந்த எடை 160 கிலோவைத் தாண்டும் என்பதை மறவாமல், உறுதியான தாங்கியைச் சுவரோரமாக வைக்க வேண்டும்.

குடிபெயர்க்கும் நாளே கண்டம் மிகுந்த நாள். முதல் நாளே புதிய உப்புநீரைக் கலந்து, காற்றூட்டி, வெப்பமும் உப்பும் பழைய நீரோடு ஒத்திருக்குமாறு செய்துவையுங்கள். பழைய தொட்டியின் தெளிந்த நீரை மணல் கலங்குமுன் வாளிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். பாறைகளை அந்நீரிலேயே மூழ்கியபடி வையுங்கள். உலர்ந்தால் பாக்டீரியாக்கள் மடியும். மீன்களைக் காற்றூட்டிய தனி வாளியில் மூடி வையுங்கள். பழைய மணலை அப்படியே புதிய தொட்டியில் கொட்டக் கூடாது. அதன் அடியில் மாதக்கணக்காய்த் தேங்கிய கழிவும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் ஒரே நாளில் நீரில் கலந்தால், நலமாயிருந்த மீன்கள் இரவுக்குள் இறக்கலாம். மணலைக் கடல்நீரில் பலமுறை அலசுங்கள். அல்லது மேற்பரப்பிலிருந்து இரண்டு கைப்பிடி மட்டும் எடுத்துப் புதுமணலின்மேல் தூவுங்கள். பாறை, பழைய நீர், புதிய நீர், மணல் தெளிந்தபின் மீன் என்ற வரிசையில் சேருங்கள். அடுத்த பத்து நாள் அம்மோனியாவை அன்றாடம் அளந்து, இரையைப் பாதியாகக் குறைத்து வாருங்கள்.

பெரிய தொட்டிக்குக் கூடுதல் பாறை வேண்டும். பவளக்கல் கூடாது என்று முன்னரே சொன்னேன். துளை மிகுந்த சுண்ணாம்புக்கல், துருக்கறையோ உலோக ரேகையோ இல்லாததாகத் தேர்ந்து, தேய்த்துக் கழுவி, சில நாள் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். மெருகிடாத சுட்டமண் ஓடும் சட்டித்துண்டும்கூட நல்லவையே; கோமாளி மீன் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் மீன்கள் முட்டையிடுவதே ஓட்டின்மேலும் மண்சட்டியின்மேலும்தான். இவையெல்லாம் முதலில் உயிரற்ற வெறுங்கல். பல ஆண்டு நிலைபெற்ற தொட்டியுள்ள நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு கைப்பிடி மணலும், ஊதாநிறப் பாசி படர்ந்த ஒரு சிறு கல்லும் பெற்று வந்து நடுவில் வையுங்கள். நீர் மாறாமல் இருந்தால், சில மாதங்களில் அந்த ஊதாநிறச் சுண்ணாம்புப் பாசி கல்லுக்குக் கல் தாவும். விசிறிபோன்ற தலையை நீட்டும் நுண்புழுக்களும், கண்ணாடியில் புள்ளிபோல் துள்ளும் நுண்ணிறால்களும், பாறையடியில் வெண்ணிறக் கடற்பஞ்சுகளும் ஒவ்வொன்றாகத் தோன்றும். தொட்டியில் நீங்கள் கண்டு வியக்கப்போகும் உயிர்களில் பெரும்பகுதி இவ்வாறு விலையின்றி வருவனவே.

ஜகார்த்தா நகரில் லீ சின் எங் என்பவர் இவ்வுண்மையை நெடுநாட்களுக்கு முன்பே செய்து காட்டினார். 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் அவர் தம் முறையை எழுதினார். இயற்கைக் கடல்நீர், கடலுயிர் படர்ந்த பாறைகள், வெளிச்சம், ஒரு குழாயிலிருந்து மெல்ல எழும் காற்றுக் குமிழிகள் இவ்வளவே அவருடைய கருவிகள். அந்நாளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடல்மீன் வளர்த்தோர் பலர் தொட்டியைக் கழுவிக் கழுவி, மருந்திட்டு, உயிரற்ற வெறும் பாத்திரமாக வைத்திருந்தனர். மீன்களும் மடிந்தவண்ணம் இருந்தன. பாறையிலுள்ள உயிரே வடிகட்டி என்ற கருத்து அவர்களிடையே பரவப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அவர் எடுத்ததுபோல் நாம் கடலிலிருந்து பாறையைப் பெயர்த்தெடுக்க இயலாது, எடுக்கவும் வேண்டாம். அவருடைய குமிழிக் குழாய் நமக்குப் போதும்.

விளக்கைப் பற்றி இரண்டே வார்த்தை. பவளமில்லாத தொட்டிக்கு எளிய எல்.இ.டி. விளக்கு போதும், எட்டு மணிநேரத்திற்கு மேல் எரியவிட்டால் அழகு கூடாது, பாசிதான் கூடும்.

இனி உயிர்கள். பாசியை மேயும் நத்தைகள் நாலைந்து, பிறகு ஓரிரு இறால்கள், அதன் பிறகே மீன். 2003ஆம் ஆண்டு வந்த ஒரு திரைப்படத்தால் உலகெங்கும் பெயர் பெற்ற நீலநிற மீன் ஒன்றுண்டு. கடையில் விரலளவாகக் கிடைக்கும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர். 75 சென்டிமீட்டர்த் தொட்டியில் அதற்கு இடமேது? மீன் வாங்கும்போது அது எங்குப் பிறந்தது என்று கேளுங்கள். 1960களில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் தொட்டிமீன் வணிகத்திற்காகப் பாறையிடுக்குகளில் சயனைடு நஞ்சைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தொடங்கிற்று. மயங்கிய மீன்களில் பல பின்னர் இறந்தன, பாறையும் பாழாயிற்று. கோமாளி மீனைப் பொறுத்தமட்டில் நமக்கு அக்கவலை வேண்டாம். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் அம்மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டு பயிற்றியிருக்கிறார்கள். அவ்வாறு பிறந்த குஞ்சு கலத்து நீருக்கும் உலர்ந்த இரைக்கும் பிறவியிலேயே பழகியது. கடலில் அது கடற்சாமந்தியின் கொடுக்குகளிடையே ஒளிந்து வாழும். தொட்டியில் பகை இல்லாதபடியால் கடற்சாமந்தி தேவையில்லை. சிறு தொட்டியில் அதை வைத்துக் காப்பதும் கடினம். இறந்தால் நீர் முழுவதையும் கெடுத்துவிடும்.

சிறு குஞ்சுகளாக இரண்டு வாங்குங்கள். ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டியதில்லை. கோமாளி மீன் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. இரண்டில் பெரியதும் வல்லதும் பின்னர்ப் பெண்ணாக மாறும், மற்றது ஆணாக நிற்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பையைத் தொட்டிநீரில் அரைமணி மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, மெல்லிய குழாய் ஒன்றால் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் ஒரு மணிநேரம் இறங்கவிட்டு, பையின் நீரைச் சேர்க்காமல் மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். அன்றிரவு விளக்கேற்ற வேண்டாம். இரையும் மறுநாள் காலையில் போதும்.